சாய்ந்த சில்லும் நேரான பாதையும்
(மலையக வீதிகளின் பின்னணியில் சுக்கான் அமைப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு)

தோற்றுவாய்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கும், அதற்கு அப்பால் டயகமவிற்கும் செல்லும் வீதியில் நேர்த்துண்டு என்று சொல்லத்தக்க பகுதி மிகக் குறைவு. ஒரு வளைவு முடியுமுன் மறு வளைவு தொடங்குகிறது. ஒரு புறம் தேயிலைச் சரிவு. மறு புறம் அக்ர ஓயாவை நோக்கி இறங்கும் பள்ளம். இத்தகைய வீதியில் ஓடும் வண்டி, சாரதி நினைத்த வழியே செல்லவேண்டும். வளைவு முடிந்ததும் தானாகவே நேர்நிலைக்குத் திரும்பவும் வேண்டும். இவ்விரண்டில் முன்னதை அனைவரும் அறிவர். பின்னதன் அருமை, சுக்கான் நிலைகொள்ளாது அலையும் வண்டியை மலைப்பாதையில் செலுத்தியவர்க்கே விளங்கும்.

நம் நாட்டுக் கராஜ்களில் 'வீல் எலைன்மென்ட்' என வழங்கும் சில்லு நேர்ப்படுத்தல் இக்குறைக்கான திருத்தமாகும். பெயரைக் கேட்போர், கோணலான சில்லுகளைச் செங்குத்தாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் நிறுத்துவதே இத்தொழில் என எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. வண்டி நேராகச் செல்லவேண்டுமாயின் சில்லுகள் சிறிதளவு சாய்ந்தும், சிறிதளவு உள்நோக்கித் திரும்பியும் இருத்தல் வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதை மனிதன் கண்டுகொள்ள நூற்றாண்டுகள் கழிந்தன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அது மலைநாட்டு வீதிகளில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையும், அச்சோதனையின் சுமை யார்மீது விழுந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேரும் கரத்தையும்

சில்லும் அச்சும் தமிழர்க்குப் புதியனவல்ல. அச்சு, ஆரம், குறடு, அச்சாணி என உறுப்புத்தோறும் பெயர் வழங்கிய மொழி நம் மொழி. வள்ளுவர் அளவுமீறிய சுமையால் முறியும் அச்சையும், பெருந்தேரைத் தாங்கும் சிற்றாணியையும் அரசியல் அறத்துக்கு உவமையாக்கினார். ஆனால் வண்டியைத் திருப்பும் கருவிக்கு நாம் இன்று வழங்கும் 'சுக்கான்' என்ற சொல் நிலத்தில் பிறந்ததன்று. கப்பலின் திசைமாற்றுப் பலகையைக் குறித்த அரபுச் சொல் கடல்வழியே வந்து, பின்னர் கரையேறி மோட்டார் வண்டியிற் குடிகொண்டது. நிலவண்டிக்கு அத்தகைய கருவி நெடுங்காலம் தேவைப்படவில்லை என்பதற்கு இச்சொல் வரலாறே ஒரு சான்று எனலாம்.

கோயில் தேரை நோக்குக. அதன் சில்லுகள் திரும்புவதில்லை. வடம் பிடிப்போர் இழுக்க, சில்லின் அடியில் முட்டுக்கட்டை கொடுப்போர் ஆப்பு வைக்கும் இடத்தையும் கோணத்தையும் மாற்றித் தேரை மெல்ல மெல்லத் திருப்புவர். திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்கள் வீதி முனைகளில் திரும்புவதைக் கண்டோர், திசைமாற்றம் என்பது எத்துணைப் பெரிய இயந்திரவியற் சிக்கல் என்பதை உணர்வர். சில்லு திரும்பாத வண்டியைத் திருப்பும்போது அது நிலத்தை அரைத்துக்கொண்டே திரும்புகிறது.

ஒற்றை அச்சும் இரண்டு சில்லும் கொண்ட மாட்டுக் கரத்தைக்கு இச்சிக்கல் இல்லை. மாடு திரும்பும் வழியே கரத்தையும் திரும்பும். உட்சில்லு மெதுவாகவும் வெளிச்சில்லு விரைவாகவும் தத்தம் போக்கில் உருளும். கண்டிச் சீமையின் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கியவையும், அரிசி மூட்டைகளை மலைக்கு ஏற்றியவையும் இக்கரத்தைகளே. நான்கு சில்லு கொண்ட வண்டியில்தான் திசைமாற்றம் சிக்கலாகிறது. ஐரோப்பிய நாடுகளில் முன்னச்சு முழுவதையும் நடுவே ஓர் ஆணியிற் பொருத்தித் திருப்பினர். அவ்வாறு திருப்பும்போது வண்டியைத் தாங்கும் அடித்தளம் குறுகுவதால், விரைந்து திரும்பும் வண்டி எளிதிற் கவிழ்ந்தது.

ஐரோப்பாவின் சில்லுத் தச்சர் இக்காலத்திலேயே வேறொரு நுட்பத்தைக் கண்டிருந்தனர். ஆரங்களைக் குறட்டிலிருந்து வெளிப்புறம் சரித்து, சில்லைக் குழிந்த தட்டுப்போல் அமைத்தனர். பளுவைத் தாங்கும் அடி ஆரம் செங்குத்தாக நிற்கும்பொருட்டு அச்சின் நுனியைக் கீழ்நோக்கிச் சிறிது வளைத்தனர். இதனாற் சில்லின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்தது. சாய்ந்த சில்லு கூம்பு உருள்வதுபோல் வெளிநோக்கி ஓட முற்படும். அச்சாணியை ஓயாது உராயும். அதைத் தடுக்க அச்சு நுனியை முன்னோக்கியும் சிறிது வளைத்து, இரு சில்லுகளின் முன்விளிம்புகளை நெருங்கச் செய்தனர். இன்று மோட்டார்ப் பொறியியலார் 'கேம்பர்', 'டோ-இன்' என வழங்கும் இரண்டு அளவுகளும் குதிரைவண்டித் தச்சர் விட்டுச்சென்ற முதுசொம் என்பது மனங்கொளத்தக்கது.

முன்சில்லுகள் பிரிந்த கதை

முன்னச்சு முழுவதையும் திருப்பாது, அதனை அசையாமல் நிறுத்திச் சில்லுகளை மட்டும் தனித்தனி முளையில் திருப்பலாம் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஆங்கில மருத்துவர் இராஸ்மஸ் டார்வின் அத்தகைய வண்டியொன்றை வகுத்தார். ஆயினும் நிலைபெற்ற வடிவத்தை 1816இல் அளித்தவர் மியூனிக் நகரின் அரண்மனை வண்டித்தச்சரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் ஆவார். 1818இல் இங்கிலாந்தில் அதற்கு உரிமம் பெற்றவரோ அவருடைய முகவரும், இலண்டனில் வண்ணப்படங்கள் பதிப்பித்து விற்றவருமான ருடொல்ப் அக்கர்மன். உலகம் அவ்வமைப்பை அக்கர்மன் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. கண்டவன் ஒருவன், பெயர் கொண்டவன் மற்றொருவன் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் அரிதன்று.

இவ்வமைப்பின் தத்துவம் எளிது. வளைவில் உட்சில்லு சிறிய வட்டத்திலும் வெளிச்சில்லு பெரிய வட்டத்திலும் செல்வதால் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பலாகாது. உட்சில்லு சற்றுக் கூடுதலாகத் திரும்பவேண்டும். இரு முளைகளையும் இணைக்கும் தண்டைச் சரிந்த கைகளில் பொருத்தினால் இவ்வேற்றுமை தானே அமையும். குதிரை இழுத்த காலத்தில் இதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. குதிரை நீங்கி இயந்திரம் வந்தபோது இதன் தேவை உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1886இல் உரிமம் பெற்ற கார்ல் பென்ஸின் முதல் மோட்டார் வண்டி மூன்று சில்லுகளுடன் அமைந்தது; நான்கு சில்லு வண்டியின் திசைமாற்றச் சிக்கலை அப்போது அவர் தீர்த்திருக்கவில்லை. 1893இலேயே முளைவழித் திசைமாற்றத்துக்கு அவர் உரிமம் பெற்றார். 1894இல் நடைபெற்ற பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் அல்பிரட் வஷரோன் தமது வண்டியில் நெம்புகோலுக்குப் பதிலாக வட்டச் சுக்கானைப் பொருத்தினார்.

சில்லைத் திருப்பும் வழி இவ்வாறு அமைந்தது. திரும்பிய சில்லை மீட்கும் வழி எஞ்சியது. 1896இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஆர்தர் கிரெப்ஸ், முளையின் அச்சுக்கோடு நிலத்தைத் தொடும் இடம் சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்கு முன்னே அமையுமாறு முன்னமைப்பை வகுத்தார். துவிச்சக்கர வண்டியின் முன்கவை சாய்ந்திருப்பதும் இதே பயனுக்காகும். சில்லு தன் முளைக்குப் பின்னால் இழுபட்டு வருவதால், கயிற்றில் கட்டி இழுத்த பொருள் இழுப்பவன் பின்னே ஒழுங்காக வருவதுபோல, தானாகவே நேர்நிலைக்குத் திரும்புகிறது. 'காஸ்டர்' எனப்படும் சாய்வு இதுவேயாகும்.

நேர்மைக்குரிய நான்கு சாய்வுகள்

காஸ்டர், கேம்பர், டோ-இன் ஆகிய மூன்றுடன், முளையின் மேல்நுனி வண்டியின் உட்புறம் சாயும் கிங்பின் சாய்வையும் சேர்த்து நான்கு சாய்வுகள் வண்டியின் நேர்மையைக் காக்கின்றன. நான்காவது சாய்வினால், சில்லு திரும்பும்போது வண்டியின் முன்பகுதி நூலளவு உயர்கிறது. வண்டியின் பளுவே அதனைத் தாழ்த்தி மீண்டும் நேர்நிலைக்குக் கொணர்கிறது.

இவ்வளவுகள் மிகச் சிறியவை. பின்சில்லால் உந்தப்படும் பழைய வண்டிகள் பலவற்றில் முன்விளிம்புகளுக்கும் பின்விளிம்புகளுக்கும் இடையிலான தூர வேறுபாடு ஏறக்குறைய 1.5 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே. அது மிகுந்தால் வரும் கேட்டை ஒரு கணக்கால் அறியலாம். சில்லொன்று செல்லும் திசையிலிருந்து கால் பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 4.4 மீட்டர் தூரம் அது பக்கவாட்டில் உரசப்படுகிறது. நூறு கிலோமீட்டரில் இத்தூரம் 436 மீட்டர் ஆகும். ஓடாமலே தேயும் டயரின் மருமம் இதுதான். மாறாக, முன்விளிம்புகள் விலகி நின்றால் டயர் தேய்வதுடன் வண்டியும் அலைகிறது. சிறு பள்ளமொன்று ஒரு சில்லைத் தட்டியதும் வண்டி அப்பக்கம் சாடுகிறது. சாரதி மீட்டால் மறுபக்கம் சாடுகிறது.

இருப்புப் பாதையிலும் இந்நியதியைக் காணலாம். 1885இல் நானுஓயாவை எட்டிய மலைநாட்டு இருப்புப் பாதையிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குச் சென்று 1948உடன் முற்றாக நின்றுபோன குறும்பாதையிலும் வண்டியை நேரே கொண்டுசென்றது தண்டவாளத்தின் விளிம்பு மட்டுமன்று. புகைவண்டிச் சில்லின் உருள்பரப்பு கூம்புபோற் சரித்து அமைக்கப்படுகிறது. வண்டி ஒருபுறம் ஒதுங்கினால் அப்புறச் சில்லு பெரிய விட்டத்தில் உருண்டு அதனை நடுவே மீட்கிறது. சரிவே நேர்மைக்குக் காரணமாகும் என்ற உண்மை இரும்பிலும் இறப்பரிலும் ஒன்றாகவே இருப்பது வியப்புக்குரியது.

மலைநாட்டு வீதி

இச்சாய்வுகள் சமதரையில் கணிக்கப்பட்டவை. மலைநாட்டு வீதியோ வேறு நோக்கில் அமைந்தது. தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. தோமஸ் ஸ்கின்னர் போன்ற அதிகாரிகள் அப்பணியை மலைநாடெங்கும் விரித்தனர். அவ்வீதிகளின் ஏற்றமும் வளைவும் மாட்டின் மூச்சுக்கும் கரத்தையின் பளுவுக்கும் ஏற்ப வகுக்கப்பட்டன. ஏற்றத்தைக் குறைக்க வீதி மலையைச் சுற்றிச் சுற்றிச் சென்றது. அடைமழை நீர் வடிய வீதியின் முதுகு உயர்த்தப்பட்டது. மலைப்புறம் காண் வெட்டப்பட்டது. கல் உடைத்தும் மண் சுமந்தும் இவ்வீதிகளையும் பாலங்களையும் இருப்புப் பாதைகளையும் ஆக்கியோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அதிகாரியின் பெயரோ கடுகண்ணாவைக் கோபுரத்தில் நிலைத்து நிற்கிறது.

20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. 1904இல் மோட்டார் வண்டி உரிமையாளர்க்கெனச் சங்கமும் தோன்றியது. கரத்தைக்கென அமைந்த வீதியில் கார் ஓடத் தொடங்கியபோது, அந்த வீதி காரின் சில்லுச் சாய்வுகளை ஒவ்வொன்றாகக் கலைக்கலாயிற்று. உயர்ந்த முதுகின் ஒருபுறம் ஓடும் வண்டி காணின் பக்கம் சரியும். அதனை எதிர்த்துச் சுக்கானை ஓயாது பிடித்தல் வேண்டும். மழையில் அரித்த குழியில் விழும் சில்லு இணைப்புத் தண்டை வளைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுழல்வதால் முளையின் புஷ்களும் மூட்டுகளும் விரைவில் தேயும். சமவெளியில் பல ஆண்டுகள் நிலைக்கும் அளவு, மலையில் ஒரு மழைக்காலத்தைக் கடப்பதே அரிதாகும்.

பந்தயக் காரும் மஹகஸ்தோட்டையும்

மலைவீதியின் இக்கடுமையையே விளையாட்டாக மாற்றியது மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம். நுவரெலியாவின் அருகே தேயிலைத் தோட்டத்தினூடே ஏறும் குறுகிய பாதையில் 1934இல் தொடங்கிய இப்பந்தயம், ஏப்ரல் வசந்தகால விழாக்களின் ஓர் அங்கமாகி இலங்கையின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயமாகப் போற்றப்படுகிறது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்து ஏறும். நேரமே வெற்றியைத் தீர்மானிக்கும். ஈரமும் பனியும் படிந்த வளைவுகளில் இயந்திர வலுவைவிடச் சுக்கானின் சொற்கேட்கும் தன்மையே முதன்மை பெற்றது.

இரண்டாம் உலகப் போரின் பின் உலகெங்கும் பெயர்பெற்ற பந்தயவகைக் கார்களுள் ஒன்று இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனத்தார் 1945 முதல் 1949 வரை உருவாக்கிய 'டி.சி.' வகையாகும். நம் ஆய்வுக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. ஏனெனில் அதன் அழகு எவ்வளவு புகழப்பட்டதோ, அவ்வளவு அதன் சுக்கானின் அலைவும் பேசப்பட்டது. 19 அங்குலக் கம்பிச் சில்லுகள். இரண்டையும் இணைக்கும் ஒரே முன்னச்சு. அதனைத் தாங்கும் பட்டைவில். ஒரு சில்லு குழியில் இறங்கினால் அச்சு முழுவதும் சாய்ந்து மறு சில்லையும் திருப்பிவிடும். வில் மடங்கும்போது சுக்கானிலிருந்து வரும் இழுதண்டும் அச்சும் வெவ்வேறு வட்டங்களில் அசைவதால், சாரதி தொடாமலே சில்லு திரும்பும். சுக்கான் பெட்டியிற் சிறிது தேய்வு ஏற்பட்டாலோ வண்டி வீதி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

காஸ்டர் மிகுந்தால் வண்டி நேரே செல்லும் என்பது பொதுவிதி. ஆனால் டி.சி.யின் தொடக்கக்கால வண்டிகளுக்கு 8 பாகை வரை அளித்த காஸ்டர், சுக்கானைக் கனமாக்கியதோடு வீதியின் ஒவ்வொரு சரிவுக்கும் வண்டியை இழுபடவும் செய்தது. பின்னர் அது 5½ பாகையாகக் குறைக்கப்பட்டது. பழைய வண்டி உடையோர், அச்சுக்கும் வில்லுக்கும் இடையே சரிந்த ஆப்புத் தகடொன்றைச் செருகி இக்கோணத்தைக் குறைத்தனர். தேரின் சில்லடியில் வைத்த ஆப்பும், பந்தயக் காரின் வில்லடியில் வைத்த ஆப்பும் ஒரே அறிவின் இரு வெளிப்பாடுகள் அல்லவா?

உண்மையான தீர்வு 1950இல் வந்த 'டி.டி.' வகையில் அமைந்தது. அதன் முன்சில்லுகள் தனித்தனி வில்லில் இயங்கின. பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட நேரடிச் சுக்கான் பொருத்தப்பட்டது. சில்லு 15 அங்குலமாகச் சிறுத்தது. கம்பிச் சில்லு போயிற்றே எனப் பழமை விரும்பிகள் வருந்தினர். ஆயினும் வண்டி அலையாமல் ஓடிற்று. 1934 முதலே அமெரிக்கக் கார்கள் தனிவில் முறைக்கு மாறத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். பருத்த டயர்களும் முன்சில்லுப் பிரேக்குகளும் பொருத்தப்பட்ட 1920களின் கார்களில் ஒற்றை முன்னச்சு நடுங்கத் தொடங்கியது. அந்நடுக்கத்திலிருந்து விடுபட முயன்ற பொறியியலார் இறுதியில் அச்சையே நீக்கினர்.

கராஜின் கல்வி

இந்நுட்பங்கள் மலையகத்தில் நூல்வழிப் பரவவில்லை, கைவழியே பரவின. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பேணிய பிட்டர்களும், அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் கராஜ்களில் சிறுவயதில் வேலைக்கமர்ந்து மெக்கானிக்காக உயர்ந்தோரும் இக்கல்வியின் ஆசிரியர்கள். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்பட்டபோது, புதிய உறுப்பு கிடையாமையால் முளைப் புஷ்களைக் கடைசல் இயந்திரத்தில் வெண்கலத்திற் கடைந்து பொருத்தினர். 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை பழைய பிரித்தானிய வண்டிகள் ஓடியமைக்கு இவர்களே காரணர். 2020 மார்ச்சில் விதிக்கப்பட்டு 2025இன் தொடக்கம்வரை தனியார் வாகனங்களுக்கு நீடித்த இறக்குமதித் தடையின்போதும் பழைய வண்டிகளே கைகொடுத்தன.

கைதேர்ந்த மெக்கானிக் குறையின் பெயரை முதலிற் கேட்டறிவார். வண்டி ஒரே பக்கம் இழுக்கின்றதா, இரு பக்கமும் அலைகின்றதா, சுக்கான் நடுங்குகின்றதா என்பன வேறுவேறு நோய்கள். இழுப்பு, இருபுறக் கேம்பரோ காஸ்டரோ ஒவ்வாமையாலும், டயர்க் காற்றின் வேறுபாட்டாலும், விடுபடாத பிரேக்காலும் வரும். அலைவு, மூட்டுத் தளர்ச்சியாலும், காஸ்டர்க் குறைவாலும், முன்விளிம்பு விலகலாலும் வரும். நடுக்கம், சில்லின் எடைச் சமநிலை கெடுவதால் வரும். பின்னச்சு வில்லில் நகர்ந்துவிட்டால் முன்சில்லுகள் சரியாக இருந்தும் வண்டி நண்டுபோல் ஒருக்களித்துச் செல்லும்.

எனவே அளப்பதற்குமுன் ஆராய்தல் வேண்டும். டயர்க் காற்று, குண்டுப்போதிகை, மூட்டு, முளை, வில் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே காஸ்டர், அடுத்துக் கேம்பர், இறுதியில் டோ-இன் என்ற முறையில் அளவு வைக்கப்படும். முன்னவை மாறினால் பின்னது மாறும் என்பதால் இம்முறையைப் புரட்டலாகாது. இற்றை நாளில் ஒளியாலும் கமராவாலும் அளக்கும் கருவிகள் உள்ளன. அவை இல்லாத இடத்தில் கொத்தனாரின் கருவிகளே போதுமாயின. சில்லின் சாய்வைத் தூக்குக்குண்டு காட்டும். பின்சில்லிலிருந்து முன்சில்லுவரை இருபுறமும் கட்டிய நூல், நான்கு சில்லுகளின் உறவையும் காட்டும். முன்டயர்களின் நடுவே இட்ட சுண்ணக்குறிகளின் இடைத்தூரத்தை முன்புறத்தே அளந்து, அக்குறிகள் பின்புறம் வரும்வரை வண்டியை உருட்டி மீண்டும் அளந்தால், இரண்டின் வேறுபாடே டோ-இன் ஆகும். 'நூல் பிடித்தாற்போல' என்னும் நம் வழக்கு இங்கு உவமையன்று, செயல்முறையே ஆகும். பந்தயக் களங்களிற் பொறியியலார் இன்றும் நூல் கட்டி அளப்பதுண்டு.

ஆயினும் ஒன்றை வற்புறுத்தல் தகும். நேர்ப்படுத்தல், தேய்ந்த உறுப்புக்கு மருந்தன்று. தளர்ந்த மூட்டை மாற்றாது அளவு மட்டும் வைத்தால், கராஜின் வாயிலைத் தாண்டும்போதே அவ்வளவு கலைந்துவிடும்.

வீதி யாருடையது?

இங்கு நம் ஆய்வு பொறியியலைக் கடந்து சமூக வரலாற்றுக்குள் நுழைகிறது. பந்தயக் கார் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளக்கப்படுகிறது. கொழுந்து ஏற்றும் லொறியும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் வானும், முச்சில்லு வண்டியும், பழைய பஸ்ஸும் டயர் தேய்ந்து நூல் தெரிந்த பின்னரே பெரும்பாலும் கவனிக்கப்படுகின்றன. நேர்ப்படுத்தற் கூலியைவிட அதனைத் தள்ளிப்போடுவதன் செலவு மிகுதி என்பதை மேற்கண்ட கணக்கு காட்டிற்று. எனினும் நாட்கூலியில் வாழும் சமூகத்தில், இன்று கொடுக்கும் காசே கண்ணிற்படும்.

அதனினும் ஆழமான காரணமொன்றுண்டு. சில்லை அடிக்கடி கலைப்பது வீதியாயின், வீதியைத் திருத்துவதே முதல் நேர்ப்படுத்தலாகும். தோட்ட வீதியைத் திருத்தும் கடமை யாருடையது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டப்புறங்களில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. வாக்களிக்கும் உரிமை பெற்றவன், தான் தெரிவுசெய்த சபையிடம் தன் லயத்துக்குச் செல்லும் வீதியைச் செப்பனிடுமாறு கேட்க இயலாத விந்தை நெடுங்காலம் நிலவிற்று. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தலில் நுவரெலியாப் பிரதேச சபையிலிருந்து பிரிந்து அக்கரப்பத்தனை தனக்கெனப் பிரதேச சபையொன்றையும் பெற்றது. பிறரால் பத்தனை, அதாவது மலைப்புல்வெளி, எனப் பெயரிடப்பட்ட நிலம் ஆட்சி அலகாக மாறிய அந்நிகழ்வு, வீதி வரலாற்றிலும் ஒரு மைல்கல்லாகும். சட்டம் வழியைத் திறந்துவிட்டது. அவ்வழியே நிதி வந்து சேர்ந்தாலன்றிக் குழி நிரம்பாது.

மலைப்பாதைகளில் விபத்து புதிதன்று. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்மீது பாய்ந்ததில் எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் நாள் கொத்மலைப் பகுதியின் கெரண்டிஎல்லவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். இவற்றின் காரணங்களைத் தீர்ப்பது விசாரணையாளரின் பணி. இக்கட்டுரை அதனுள் நுழையாது. ஆயினும் மலைப்பாதையில் வண்டி தன் வழியிலிருந்து விலகுவதற்கும் உயிரிழப்புக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகளே என்பதை இவை நினைவூட்டுகின்றன. சமவெளியில் அலையும் வண்டி வயலில் இறங்கும். மலையில் அதற்கு இறங்க இடமில்லை.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுப்பின், மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, நேரான செலவு என்பது இயல்பாக அமைவதன்று. குதிரைவண்டித் தச்சர் முதல் கிரெப்ஸ் வரையிலானோர் அளந்து வைத்த சிறு சாய்வுகளின் பயனாகும். இரண்டாவது, அச்சாய்வுகளை வீதி இடைவிடாது கலைப்பதால் நேர்ப்படுத்தல் ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பேணுகையாகும். மூன்றாவது, அப்பேணுகை விளையாட்டு வண்டிக்கு எளிதிற் கிட்டுகிறது. மக்களைச் சுமக்கும் வண்டிக்கு அரிதிற் கிட்டுகிறது. இவ்வேறுபாடு மெக்கானிக்கின் அறியாமையால் வந்ததன்று. வீதிக்கும் அதன்வழி வாழ்வோர்க்கும் இடையே வரலாறு ஏற்படுத்திய கோணலே அதன் காரணமாகும்.

பல்கலைக்கழக மாணவர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. மலையக வரலாற்றை எழுதுவோர் பெரிய கங்காணி, துரைமார், தொழிற்சங்கம், குடியுரிமை ஆகியவற்றை விரிவாக எழுதியுள்ளனர்; எழுதவும் வேண்டும். ஆனால் தொழிற்சாலைப் பிட்டரும், லொறிச் சாரதியும், கராஜில் நூல் கட்டிச் சில்லு அளந்த மெக்கானிக்கும் அவ்வரலாற்றில் இன்னும் இடம்பெறவில்லை. அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களும், இறக்குமதி இல்லாத காலத்தில் அவர்கள் கண்ட உபாயங்களும் ஏட்டில் ஏறாதவை. அட்டனிலும் தலவாக்கலையிலும் அக்கரப்பத்தனையிலும் வாழும் முதியவர்களிடமிருந்து அவற்றைக் கேட்டெழுதல், தமிழில் அறிவியற் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் மலையகச் சமூக வரலாற்றை ஆராய்வோர்க்கும் ஒருங்கே பயன்தரும். கண்டுபிடித்த லாங்கென்ஸ்பெர்கரின் பெயர் மறைந்து முகவரின் பெயர் நிலைத்ததை மேலே கண்டோம். வீதி சமைத்த தொழிலாளர் பெயர்களும் அவ்வாறே மறைந்தன. அவ்வீதியில் வண்டியை நேர்ப்படுத்தியோரின் பெயர்களையேனும் காலம் கடக்குமுன் எழுதி வைத்தல் நம் தலைமுறையின் பொறுப்பாகும்.